வீட்டுக்காரியத்தை ஒழுங்குப்படுத்துதல்: தீராத நோயில் விசுவாசத்தோடு நடக்க ஒரு வழிகாட்டி

எசேக்கியா ராஜா மரணத்துக்கேதுவான வியாதியில் கிடந்தபோது ஏசாயா தீர்க்கதரிசி கொண்டுவந்த செய்தியில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை: "உமது வீட்டுக்காரியத்தை ஒழுங்குப்படுத்தும், நீர் பிழைக்கமாட்டீர், மரித்துப்போவீர்." ராஜா தன் முகத்தைச் சுவர்ப்புறமாகத் திருப்பிக்கொண்டு அழுது ஜெபித்தார், அவருடைய நாட்களோடு 15 வருஷங்கள் கூட்டப்பட்டன. நோயாளியின் படுக்கையருகே இந்தப் பகுதியை வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் அந்த 15 வருஷங்களைப் பற்றியே பேசுகிறார்கள். அந்த வருஷங்களும் ஒரு நாள் தீர்ந்துபோயின என்பதையும், பின்னால் குணமாக்கிய அதே தேவன்தான் முதலில் வீட்டை ஒழுங்குப்படுத்தச் சொன்னார் என்பதையும் அநேகமாக யாரும் எடுத்துச் சொல்வதில்லை. இந்தக் கட்டுரை அந்த முதல் வாக்கியத்தைப் பற்றியது.

என் பெரியம்மாவுக்குப் புற்றுநோய் கல்லீரல்வரை பரவிவிட்டது என்று தெரிந்த பிறகு, எங்கள் வீட்டில் மரணம் என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் சுகத்தை அறிக்கையிட்டு ஜெபித்துவிட்டுப் போனார்கள். ஓர் இரவு அறையில் நான் மட்டும் இருந்தபோது அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "நான் பிழைக்க மாட்டேன்தானே? நீயாவது சொல்லேன்" என்று கேட்டார். "அப்படியெல்லாம் பேசாதீங்க பெரியம்மா, கர்த்தர் சுகம் தருவார்" என்றேன். அவர் என் கையை விட்டுவிட்டுச் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். விசுவாசமாகப் பேசிவிட்டதாகத்தான் அப்போது நினைத்தேன். அவரைத் தனியே விட்டுவிட்டேன் என்பது புரியப் பத்து நாட்கள் ஆயின.

உண்மையைக் கேட்டறிதல்

நோய் உங்களுடையது என்றால், முதல் வேலை அதன் நிலையைத் தெளிவாகக் கேட்டுத் தெரிந்துகொள்வதே. "என் முடிவையும் என் நாட்களின் அளவு இவ்வளவு என்பதையும் எனக்குத் தெரிவியும்" என்று சங்கீதம் 39-இல் தாவீது கேட்கிறார். அதைக் கேட்பது அவிசுவாசம் என்றால் அந்த ஜெபம் வேதத்தில் இடம்பெற்றிருக்காது. மருத்துவரிடம் போகுமுன் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இந்தச் சிகிச்சை நோயைக் குணமாக்குவதற்கா, நாட்களை நீட்டிப்பதற்கா, அல்லது உபாதையைக் குறைப்பதற்கா? இதை எடுத்துக்கொள்ளாவிட்டால் என்ன நடக்கும்? இனிவரும் காலத்தை மாதங்களாக எண்ணுவதா, வாரங்களாக எண்ணுவதா? கடைசிக் கேள்விக்குத் தேதி குறித்துப் பதில் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது; ஆனால் மாதங்களா வாரங்களா என்று கேட்டால் அனுபவமுள்ளவர்கள் பெரும்பாலும் ஏதேனும் ஒரு மதிப்பீடு சொல்வார்கள், திட்டமிடுவதற்கு அதுவே போதும். எல்லாவற்றையும் நேரடியாகக் கேட்க உங்களுக்கு மனமில்லை என்றால், உங்களுக்காகக் கேட்டுவைத்துக்கொள்ளும் ஒருவரை நீங்களே தேர்ந்தெடுத்து, அதை மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.

குடும்பத்தினர் மருத்துவரைத் தனியே சந்தித்து "அவரிடம் சொல்லிவிடாதீர்கள்" என்று கேட்டுக்கொள்வது பாசத்தால்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நோயாளியின் உடம்பு அவரிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டிருக்கும். அதன்பிறகு இரு பக்கமும் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டு, பேச வேண்டிய எதையும் பேசாமலே நாட்கள் கழிந்துவிடும்.

குணமாக ஜெபிப்பதும் சாவுக்கு ஆயத்தப்படுவதும்

இந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்ற எண்ணம் சபைகளில் பரவலாக இருக்கிறது. சாவைப் பற்றிப் பேசினால் சுகத்துக்கான ஜெபம் பலிக்காமல் போய்விடும் என்று பலர் உண்மையாகவே அஞ்சுகிறார்கள். இந்த அச்சத்துக்குக் கெத்செமனே தோட்டத்தில் இயேசு செய்த ஜெபம் பதில் சொல்கிறது. "அப்பா பிதாவே, எல்லாம் உம்மாலே கூடும், இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும், ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்ற ஒரே ஜெபத்துக்குள் விடுதலைக்கான வேண்டுதலும் ஒப்புக்கொடுத்தலும் சேர்ந்தே இருக்கின்றன. நமக்கு வேறு முன்மாதிரி தேவையில்லை. ஆகவே சுகம் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். கேட்ட அதே நாளில் உயிலையும் எழுதுங்கள்.

சுகம் வராதபோது "உங்களுக்கு விசுவாசம் போதவில்லை" என்றோ "ஏதோ அறிக்கையிடாத பாவம் இருக்கிறது" என்றோ யாராவது சொல்லக்கூடும். அந்தச் சொல்லை ஏற்றுக்கொள்ள வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. பிறவிக்குருடனைப் பற்றி, "இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்று இயேசு சொன்னார். பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அது நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதிலே வந்தது. அதே பவுல் தன் உடன்வேலையாளான துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாகவே விட்டுவந்ததாக எழுதுகிறார். அதற்கு விளக்கமோ குற்றச்சாட்டோ சேர்க்கவில்லை. கல்லறையிலிருந்து எழுப்பப்பட்ட லாசருவும் மறுபடி ஒரு நாள் மரித்திருப்பான் என்பதை நினைத்துப் பார்த்தால், சுகம் என்பது கிருபையின் ஒரு வடிவம் மட்டுமே என்பது விளங்கும்.

யாக்கோபு நிருபம் 5-ஆம் அதிகாரம் சொல்கிறபடி சபையின் மூப்பர்களை வரவழைத்து, எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லுங்கள். கத்தோலிக்கராக இருந்தால் நோயில்பூசுதலை மூச்சு அடங்கும் நேரத்துக்காக ஒத்திவைக்க வேண்டாம். "அவஸ்தைப்பூசுதல்" என்ற பழைய பெயர் அது சாகும் நேரத்துச் சடங்கு என்ற எண்ணத்தை விதைத்துவிட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் 1972-இல் திருத்தப்பட்ட முறைமை, கடும் நோயுற்ற எவரும் அதைப் பெறலாம் என்றும் நிலை மோசமானால் மீண்டும் பெறலாம் என்றும் தெளிவாக்கியது. நற்கருணையையும் விழுங்க முடிகிற காலத்திலேயே பெற்றுக்கொள்ளுங்கள். ஜெபிக்க வருகிறவர்களிடம் எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று நீங்களே சொல்லலாம். "இன்று ராத்திரி தூக்கம் வர ஜெபியுங்கள்" என்பது போதுமான விண்ணப்பம்.

வலியும் மருந்தும்

இயேசு சிலுவையில் அறையப்படுமுன் வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தை ஏற்றுக்கொள்ளவில்லை என்பதை எடுத்துக்காட்டி, வலிமருந்தைத் தவிர்ப்பதே பரிசுத்தம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். உலகத்தின் பாவத்தைச் சுமந்தது அவர் ஒருவரே. உங்கள் வலியால் யாரும் மீட்கப்பட வேண்டியதில்லை. நல்ல சமாரியன் காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினான். அதன் இன்றைய வடிவம் பேலியேட்டிவ் கேர் எனப்படும் வலி தணிப்பு ஆதரவுச் சிகிச்சை. அதன் நவீன வடிவத்தை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் சிசிலி சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேயக் கிறிஸ்தவர்; செவிலியாகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பின்னர் மருத்துவரானவர். 1967-இல் லண்டனில், சாகும் நிலையில் இருப்பவர்களைப் பராமரிக்கும் இல்லமான செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை நிறுவினார். சாகிறவரின் வலி உடம்பில் மட்டும் இருப்பதில்லை, மனத்திலும் உறவுகளிலும் ஆவியிலும் இருக்கிறது என்பதை "முழு வலி" என்ற பெயரால் விளக்கினார். "என்னோடேகூட விழித்திருங்கள்" என்று இயேசு கெத்செமனேயில் சீஷர்களிடம் கேட்டுக்கொண்ட சொற்களையே தம் பணியின் அடித்தளமாக அவர் எடுத்துக்கொண்டார்.

ஆதரவுச் சிகிச்சைக்குப் போவது என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று பொருள் கொள்ளாதீர்கள். பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரிடம் நடத்தி 2010-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நோய் கண்டறியப்பட்ட உடனேயே வழக்கமான சிகிச்சையோடு ஆதரவுச் சிகிச்சையையும் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. கடைசிக் காலத்தில் தீவிர சிகிச்சை குறைவாகவே பெற்றிருந்தும், அவர்கள் மற்றவர்களைவிட இரண்டரை மாதங்களுக்கு மேல் கூடுதலாக வாழ்ந்தார்கள். மார்ஃபின் என்ற வலிமருந்தைப் பற்றிய பயமும் பெரும்பாலும் தேவையற்றது. மருத்துவர் மேற்பார்வையில், வலிக்கேற்ற அளவில், குறித்த நேரத்துக்கு எடுத்துக்கொண்டால் அது உயிரைப் பறிப்பதில்லை. மலச்சிக்கல் ஏறக்குறைய உறுதியாக வரும் என்பதால் அதற்கான மருந்தையும் முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்குங்கள். வலியைத் தணிப்பதற்காகக் கொடுக்கும் மருந்து ஆயுளைச் சற்றுக் குறைக்கக்கூடும் என்றாலும் அதைக் கொடுக்கலாம் என்று போப் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) 1957-இலேயே மருத்துவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்.

பத்து நாட்களுக்குப் பின் நானாகவே பெரியம்மாவிடம் போய், "அன்றைக்கு நீங்க கேட்டதுக்கு நான் பதில் சொல்லலை" என்று தொடங்கினேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "செத்தால் ஆண்டவரிடம்தான் போவேன், அதில் பயமில்லை. மூச்சு முட்டிச் சாவேனோ என்றுதான் பயம்." இத்தனை நாட்களாக நாங்கள் அவருடைய ஆத்துமாவைத் தேற்றிக்கொண்டிருந்தோம், அவரோ தன் நுரையீரலைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். மறுநாள் மருத்துவரிடம் சொன்னதும், மூச்சுத்திணறலுக்கும் சிறிய அளவு மார்ஃபின் உதவும் என்று சொல்லி மருந்தெழுதிக் கொடுத்ததோடு, தலைப்பக்கத்தை உயர்த்திவைத்து முகத்துக்கு நேராக மின்விசிறிக் காற்று படும்படி செய்யவும் சொன்னார். அன்றிரவு பெரியம்மா விளக்கை அணைக்கச் சொன்னார். அதற்கு முன் பல வாரங்களாக அணைக்க விட்டதில்லை. ஆகவே பயத்தைப் பொதுவாகப் பேசாமல், எதற்குப் பயம் என்று கேட்டுப் பிரித்தறியுங்கள். சில பயங்களுக்கு வேதவசனம் வேண்டும், சிலவற்றுக்கு மருந்துச்சீட்டு வேண்டும்.

வெண்டிலேட்டர், இதயத்தை மீண்டும் இயக்கும் முயற்சி ஆகியவை வேண்டுமா வேண்டாமா என்பதை நினைவு தெளிவாக இருக்கும்போதே முடிவுசெய்து எழுதிவையுங்கள். இதற்கான சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால் உங்கள் மருத்துவரிடம் அதற்குரிய படிவத்தைக் கேளுங்கள். முற்றிய புற்றுநோயாளிகள் 345 பேரைப் பின்தொடர்ந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, நோயைச் சமாளிக்க மத நம்பிக்கையை மிகுதியாகச் சார்ந்தவர்களே தங்கள் கடைசி வாரத்தில் அத்தகைய தீவிர சிகிச்சையை மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கும் மேலாகப் பெற்றதாகக் கண்டது. அதைப் படித்தபோது எனக்குத் துக்கமாக இருந்தது. பரலோகத்தை நம்புகிறவர்கள் புறப்பட மறுக்கிறோம் என்று பிறர் நினைக்க இடம்கொடுத்திருக்கிறோம். பயன் தராத சிகிச்சையை மறுப்பது தற்கொலை ஆகாது; உயிரைப் பறிக்கும் செயலுக்கும் மரணத்தைத் தன் வழியில் வர விடுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பெரும்பாலான சபைகள் ஏற்றுக்கொள்கின்றன. உங்களுக்கு மனச்சாட்சியில் கலக்கம் இருந்தால் போதகரையும் மருத்துவரையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசுங்கள்.

ஒழுங்குப்படுத்த வேண்டியவை

உயில், கடன், வங்கிக் கணக்கு, காப்பீடு, கைப்பேசிக் கடவுச்சொல் ஆகியவற்றை ஒரே நோட்டில் எழுதி, அது எங்கே இருக்கிறது என்பதை இருவரிடமாவது சொல்லிவையுங்கள். இவற்றை உலகக் காரியம் என்று தள்ள வேண்டாம். இயேசு சிலுவையில் தொங்கியபோதே தம் தாயைப் பராமரிக்கும் பொறுப்பைத் தாம் நேசித்த சீஷனிடம் ஒப்படைத்தார்.

மனிதரோடு ஒப்புரவாவது இதைவிடக் கடினமானது. வருஷக்கணக்காகப் பேசாத தம்பியோ மருமகளோ இருந்தால், பழைய வழக்கை மறுபடி விசாரிக்காமல், "என்னை மன்னித்துவிடு, நானும் மன்னித்துவிட்டேன்" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் போதும். அவர்கள் வராமல் போனாலும் உங்கள் பங்கு முடிந்தது. மனத்தை அறுக்கும் பாவம் ஏதாவது இருந்தால், இரகசியம் காக்கக்கூடிய போதகரிடமோ குருவிடமோ வாய்விட்டு அறிக்கையிடுங்கள். சிறு பிள்ளைகளிடம் "தூங்கப்போகிறேன்", "ஊருக்குப் போகிறேன்" என்று சொல்லாதீர்கள். அவர்கள் தூக்கத்துக்கே பயப்படத் தொடங்குவார்கள். நோய் மிகவும் கடுமையானது, இதனால் நான் மரித்துப்போகலாம், இது உன்னால் வந்ததல்ல, உன்னை இன்னார் பார்த்துக்கொள்வார்கள் என்று எளிய சொற்களில் சொல்லுங்கள். அடக்க ஆராதனையில் எந்தப் பாட்டு, எந்த வேதபாடம் என்பதையும் நீங்களே குறித்துக் கொடுத்தால், துக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு பாரம் குறையும்.

இருள் சூழும்போது

15-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில், சாகிறவர்களுக்கும் அவர்களருகே இருப்பவர்களுக்குமாக எழுதப்பட்ட சிறு கையேடுகள் மரணப்படுக்கையில் வரும் ஐந்து சோதனைகளைக் குறிப்பிட்டன: அவிசுவாசம், நம்பிக்கையிழப்பு, பொறுமையின்மை, ஆவிக்குரிய பெருமை, பொருளாசை. இவற்றில் நான்காவது இன்று வேறு உருவில் வருவதாக எனக்குத் தோன்றுகிறது: நோயாளி எப்போதும் புன்னகையோடு "சாட்சியாக" இருக்க வேண்டும் என்று சுற்றியுள்ளவர்கள் எதிர்பார்க்கிறார்கள், அவரும் களைத்த முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்துக் காட்டுகிறார். அந்த வேடம் உங்களுக்குத் தேவையில்லை. இயேசு, லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும், அவன் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். மரணத்தைப் பவுல் "கடைசிச் சத்துரு" என்றே அழைக்கிறார். சத்துருவைக் கண்டு கலங்குவது இயல்பு.

88-ஆம் சங்கீதம் புலம்பலாகவே தொடங்கிப் புலம்பலாகவே முடிகிறது. கடைசி வசனத்திலும் ஆறுதல் இல்லை. அதையும் ஜெபமாகத்தான் வேதம் வைத்திருக்கிறது. ஜெபிக்கவே முடியாத நாட்களில் அதை யாராவது உங்களுக்காக வாசிக்கட்டும். மருந்தின் மயக்கத்தில் நீண்ட ஜெபம் நிற்காது, ஒரு மூச்சில் சொல்லக்கூடியவற்றை வைத்துக்கொள்ளுங்கள்: "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்", "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." அதற்கும் பலனில்லாதபோது, ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்ற ரோமர் 8-ஆம் அதிகாரத்தின் வாக்கைப் பிடித்துக்கொண்டு சும்மா படுத்திருக்கலாம். வாரக்கணக்கில் எதிலும் நாட்டமின்றி, சாக வேண்டும் என்ற எண்ணமே சுற்றிச்சுற்றி வந்தால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வு சிகிச்சைக்குரிய நோய், ஆவிக்குரிய தோல்வி என்று அதை எண்ண வேண்டாம்.

அருகில் இருப்பவர்களுக்கு

யோபுவின் நண்பர்கள் இரவும் பகலும் ஏழு நாட்கள் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாக இருந்தார்கள். பேசத் தொடங்கியபோதுதான் கெடுத்தார்கள். நீங்களும் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கண்மட்டத்தில் உட்காருங்கள். அவர் சாவைப் பற்றிப் பேசினால் பேச்சை மாற்றாமல், "சொல்லுங்கள், கேட்கிறேன்" என்று சொல்லுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் நீளும் ஜெபமும் கூட்டமாகப் பாடும் பாட்டும் அவருக்குப் பிடிக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசி நாட்களில் உணவும் நீரும் வேண்டாம் என்று போவது உடம்பு அடங்குவதன் ஓர் அடையாளம். ஊட்டாமல் விட்டதால் சாகிறார் என்று நினைத்து வற்புறுத்தினால் புரையேறும். ஈரப் பஞ்சால் உதட்டையும் நாக்கையும் துடைத்துக்கொண்டிருப்பதே அப்போது செய்யக்கூடிய அன்பான வேலை. கைகால்கள் குளிரும், தோலில் திட்டுத்திட்டாக நிறம் மாறும். மூச்சு வேகமாகி, பின் நின்று, மறுபடி தொடங்கும். தொண்டையில் கேட்கும் கரகரப்பு விழுங்க முடியாத எச்சிலால் வருவது. கேட்கிறவர்களுக்குத் துன்பமாக இருக்குமே தவிர, அந்த நிலையில் இருப்பவரை அது பெரும்பாலும் வருத்துவதில்லை. மெதுவாக ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தால் குறையும். செவிப்புலன் கடைசிவரை இருக்கக்கூடும் என்பதால் அறையில் சொத்துப் பேச்சு வேண்டாம். அவருக்குப் பழக்கமான வசனங்களைப் பழக்கமான மொழிபெயர்ப்பிலேயே மெதுவாக வாசியுங்கள். இயேசு தம் கடைசி மூச்சில் எடுத்தாண்ட சங்கீதம் 31-இன் வரி, "உமது கையில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" என்பது, அவரால் சொல்ல முடியாதபோது அவருக்குப் பதிலாக நீங்கள் சொல்லக்கூடியது. "நாங்கள் சமாளித்துக்கொள்வோம், நீங்கள் போகலாம்" என்று சொல்ல வேண்டிய நேரமும் வரும். அழுதுகொண்டே சொன்னாலும் பரவாயில்லை.

மூச்சு நின்ற பிறகு அவசரப்பட ஒன்றுமில்லை. மரணத்தை உறுதிசெய்ய மருத்துவரை அழைத்துவிட்டு, விரும்புகிறவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஒருவர் ஒப்புக்கொடுக்கும் ஜெபத்தைச் செய்யலாம். மீதமுள்ள மார்ஃபினைக் கணக்கிட்டுத் தந்த இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள், வீட்டில் வைத்திருக்கக் கூடாது. நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கிக்க வேண்டாம் என்று பவுல் எழுதியதைக் காட்டி யாராவது அழுகையை அடக்கச் சொன்னால், துக்கிக்கவே வேண்டாம் என்று அவர் எழுதவில்லை என்று சொல்லுங்கள்.

சபையார் முதல் வாரத்தில் திரளாக வருவார்கள், பிறகு வீடு வெறுமையாகிவிடும். ஆகவே சபையில் பொறுப்பில் இருப்பவர்கள் இருவரைக் குறித்துவைத்து, மூன்றாம் மாதத்தில் ஒரு தடவையும் முதலாண்டு நினைவுநாளை ஒட்டி ஒரு தடவையும் அந்த வீட்டுக்குப் போக ஏற்பாடு செய்யுங்கள். போகிறவர்கள் இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசட்டும். வீட்டார் அந்தப் பெயரைப் பிறர் வாயால் கேட்டுப் பல நாட்கள் ஆகியிருக்கும்.